மரணத்தை எண்ணிய மாநகர்: இலண்டனின் இறப்பு, பிறப்பு, ஆயுள் எதிர்பார்ப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மாநகரின் வரலாற்றை அதன் அரண்மனைகளையும் ஆலயங்களையும் துறைமுகங்களையும் கொண்டு எழுதுவது நெடுநாள் மரபாகும். அந்நகரில் ஆண்டுதோறும் எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர், அங்கு பிறந்த குழந்தையொன்று எத்தனை ஆண்டுகள் வாழுமென எதிர்பார்த்திருக்கலாம் என்னும் வினாக்கள் அம்மரபில் இடம்பெற்றமை அரிது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரலாற்றுக் குடித்தொகையியல் தனித்துறையாக வளர்ந்த பின்னரே இவ்வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை முறையாகப் பெற்றன. இத்துறையினருக்கு இலண்டன் மாநகர் தனிச்சிறப்புடையது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இடையறாது தன் இறப்புக்களை வாரந்தோறும் எண்ணி வந்த நகர் அது.

அவ்வெண்களின் வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. நகரம் முழுமைக்கும் பொதுவாகக் கூறப்படும் இறப்பு வீதம் உணர்த்துவதைப் போலவே மறைப்பதும் மிகுதி. அந்தப் பொது எண்ணை இடம், வயது, வகுப்பு, குடிநீர் எனப் பிரித்து நோக்கியபோதே மரணத்தின் காரணங்கள் வெளிப்பட்டன. காரணங்கள் வெளிப்பட்ட பின்னரே அவற்றை நீக்கும் முயற்சிகள் பயன் தந்தன. இலண்டனின் நான்கு நூற்றாண்டு அனுபவத்தை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் பொருளாகும்.

மரணப் பட்டியல்களின் தோற்றம்

இலண்டனில் இறப்புக்களை எண்ணும் வழக்கம் அறிவு வேட்கையாற் பிறந்ததன்று; அச்சத்தாற் பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டிற் கொள்ளைநோய் அடிக்கடி நகரைத் தாக்கியது. நோய் பெருகுகின்றதா தணிகின்றதா என்பதை அரசும் நகர ஆட்சியாளரும் அறியவேண்டியிருந்தது. செல்வர் நகரைவிட்டு நீங்கும் நாளைத் தீர்மானிக்கவும் அது தேவைப்பட்டது. எனவே கொள்ளைநோய்க் காலங்களில் ஒவ்வொரு பங்கிலும் அடக்கம் செய்யப்பட்டோரின் தொகை திரட்டப்பட்டது. 1603 ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோய் ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கவர்ந்தது. அவ்வாண்டு முதலாக, நோய் உள்ள காலத்திலும் இல்லாத காலத்திலும் வாரந்தோறும் இப்பட்டியல்கள் வெளிவரலாயின. பங்கு எழுதுவினைஞர் சங்கம் அவற்றைத் தொகுத்து அச்சிட்டு விற்றது. 1629 முதல் இறப்பின் காரணங்களும், 1728 முதல் இறந்தோரின் வயதும் அவற்றில் இடம்பெற்றன.

இப்பட்டியல்களின் அடித்தளம் மிக எளியது. வீடொன்றில் இறப்பு நேர்ந்தால், அதற்கென நியமிக்கப்பட்டுச் சத்தியப் பிரமாணம் செய்திருந்த முதுபெண்டிர் சென்று சவத்தைப் பார்வையிட்டு, இறப்பின் காரணத்தைப் பங்கு எழுதுவினைஞருக்கு அறிவிப்பர். அவர்கள் மருத்துவம் பயின்றவரல்லர். வறுமை காரணமாகவே இத்தொழிலை ஏற்றவர்கள். அன்றியும், பட்டியல்களிற் பதியப்பட்டவை பிறப்புக்களல்ல, ஆங்கிலத் திருச்சபையில் நிகழ்ந்த ஞானஸ்நானங்களே. அத்திருச்சபையைச் சேராதோரின் குழந்தைகளும், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுக்களும் கணக்கில் வரவில்லை. இக்குறைபாடுகளை மனங்கொண்டே பட்டியல்களைப் பயன்படுத்தல் வேண்டும்.

1665 ஆம் ஆண்டில் இலண்டனை இறுதியாகத் தாக்கிய பெருங்கொள்ளைநோயின் அளவை இப்பட்டியல்களே இன்றும் எமக்கு உணர்த்துகின்றன. அவ்வாண்டில் மொத்தம் 97,306 அடக்கங்கள் பதிவாயின. அவற்றுள் 68,596 கொள்ளைநோயால் நேர்ந்தவை எனக் குறிக்கப்பட்டன. செப்தெம்பர் நடுப்பகுதியில் ஒரே வாரத்தில் மட்டும் 7,165 பேர் அந்நோயால் இறந்ததாகப் பட்டியல் கூறுகின்றது. நோயுற்ற வீடு பூட்டப்படும் என்ற அச்சத்தால் உண்மைக் காரணத்தை மறைத்தோர் பலராதலின், மெய்யான தொகை இதனினும் மிகுதி என்பதே ஆய்வாளர் கருத்து. 1679 இன் பின்னர் இலண்டன் பட்டியல்களிற் கொள்ளைநோய் இறப்புக்கள் காணப்படவில்லை.

கிறாண்டின் கண்டுபிடிப்பு

வாரந்தோறும் வெளிவந்த பட்டியல்களைப் பலரும் வாசித்தனர். ஆனால் அவற்றை ஒருங்கு சேர்த்து நோக்கியவர் ஜோன் கிறாண்ட் என்னும் துணி வணிகர். 1662 இல் அவர் வெளியிட்ட சிறுநூல் குடித்தொகையியலின் முதல் நூலெனக் கொள்ளப்படுகின்றது. பல்கலைக்கழகக் கல்வி பெறாத அவ்வணிகரை, அரசர் இரண்டாம் சாள்சின் ஆதரவுடன் றோயல் சங்கம் அதே ஆண்டில் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

கிறாண்ட் கண்டவற்றுள் மூன்று இங்கு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, இலண்டனில் ஞானஸ்நானங்களை விட அடக்கங்கள் மிகுதியாக இருக்க, நாட்டுப்புறப் பங்குகளில் நிலைமை இதற்கு மாறாக இருந்தது. எனினும் இலண்டன் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே நாட்டுப்புறத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறியே நகரை நிலைநிறுத்தினர் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். கொள்ளைநோயாற் குறைந்த தொகை ஈராண்டுகளுள் நிரம்பிவிடுவதையும் இதனாலேயே விளக்கினார். இரண்டாவது, ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளிலும் சற்று மிகுதியாகப் பிறக்கின்றன என்பது. இலண்டனுக்கு அவர் தந்த விகிதம் 13 பெண்களுக்கு 14 ஆண்கள்.

மூன்றாவதே பின்னர் பெரும் விளைவுகளை உண்டாக்கியது. அவர் காலத்துப் பட்டியல்களில் வயது குறிக்கப்படவில்லை. ஆயினும் சில காரணங்கள் சிறுவருக்கே உரியவை என்பதை அவர் உய்த்துணர்ந்தார். வலிப்பு, பல்முளைத்தல், பூச்சி முதலியவற்றால் நேர்ந்த இறப்புக்களையும், அம்மை, சின்னமுத்து ஆகியவற்றால் நேர்ந்தனவற்றுட் பாதியையும் சேர்த்து, நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்கு முன்னரே இறக்கின்றனர் எனக் கணித்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு, 16 வயதில் 40 பேர், 26 வயதில் 25 பேர், 36 வயதில் 16 பேர், 76 வயதில் ஒருவர் எனத் தொடரும் அட்டவணையொன்றை அமைத்தார். முதலெண்ணைத் தவிர ஏனையவை நேரடிச் சான்றின்றி ஊகித்தமைக்கப்பட்டவை என்பது உண்மையே. எனினும், ஒரே காலத்திற் பிறந்தோர் வயதுதோறும் எவ்வாறு குறைந்து செல்கின்றனர் என்று நோக்கும் முறைமை இவ்வட்டவணையுடன் தோன்றியது.

1669 இல் ஒல்லாந்து நாட்டு ஹைஜென்ஸ் சகோதரர் இவ்வட்டவணையை ஆராய்ந்து, பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 18 ஆண்டுகள் எனக் கணித்தனர். அதே அட்டவணையின்படி பிறந்தோரிற் பாதிப்பேர் இறந்துவிடும் வயது ஏறத்தாழ 11 மட்டுமே என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். ஆயுள் எதிர்பார்ப்பு 18 என்றால் மாந்தர் 18 வயதில் இறந்தனர் என்பது பொருளன்று. பெருந்தொகையான குழந்தைகளின் இறப்பும் சிலரின் நெடிய வாழ்வும் சேர்ந்து தரும் சராசரியே அது. இவ்வேறுபாட்டை உணராமையாற் பழங்காலத்தில் முதியோரே இருந்திலர் என்னும் தவறான எண்ணம் இன்றும் நிலவுகின்றது.

மக்களை உண்ட நகர்

கிறாண்ட் சுட்டிய போக்கு அவருக்குப் பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1650 அளவில் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த இலண்டனின் குடித்தொகை 1750 அளவில் ஏறத்தாழ 6,75,000 ஆயிற்று. இக்காலத்திற் பிறப்புக்களை இறப்புக்கள் தொடர்ந்து விஞ்சின. 1967 இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையொன்றில் றிக்லி என்னும் அறிஞர், இவ்வளர்ச்சிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,000 பேர் நிகரமாக இலண்டனுக்கு வந்து குடியேறியிருத்தல் வேண்டும் எனக் கணித்தார். இங்கிலாந்தின் வயதுவந்தோரில் ஆறில் ஒருவர் தம் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் இலண்டனில் வாழ்ந்திருக்கக்கூடும் என்பதும் அவர் முடிபு. நாட்டுப்புறம் பெற்ற பிள்ளைகளை நகரம் உண்டது எனின் மிகையாகாது.

கொள்ளைநோய் மறைந்தபின்னும் இறப்புக்கள் ஏன் குறையவில்லை என்பது சிந்தித்தற்குரியது. 1993 இல் ஜோன் லண்டேர்ஸ் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை பகர்கின்றது. மக்கள் நெருங்கி வாழ்ந்த பெருநகரில் அம்மை முதலிய தொற்றுநோய்கள் என்றும் நிலைத்திருந்தன. நகரிற் பிறந்து வளர்ந்தோர் குழந்தைப் பருவத்திலேயே அவற்றுக்கு ஆளாகி, இறந்தனர் அல்லது எதிர்ப்பாற்றல் பெற்றனர். சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞரோ அந்நோய்களை முன் அறியாதவர். எனவே வேலை தேடி வந்த வயதிலே அவற்றுக்குப் பலியாயினர். நகரை நிரப்ப வந்தோரே அதன் மரணப் பட்டியலையும் நிரப்பினர்.

குழந்தைகளின் நிலை இன்னும் கொடிது. 1730 முதல் 1749 வரை ஞானஸ்நானம் பெற்றோர் தொகையோடு ஒப்பிடுகையில், ஐந்து வயதுக்குட்பட்டோரின் அடக்கங்கள் நூற்றுக்கு 74.5 ஆக இருந்தன. மலிவான ஜின் மது ஏழைகளிடையே பெருகியிருந்த காலமும் இதுவே. 1751 இன் சட்டமே அதன் சில்லறை விற்பனையை ஓரளவு கட்டுப்படுத்தியது. தெருக்களிற் கைவிடப்பட்ட சிசுக்களைக் கண்டு மனம் நொந்த கப்பற் தலைவர் தோமஸ் கோறம் 1739 இல் அரச பட்டயம் பெற்று அனாதைக் குழந்தைகளுக்கான இல்லமொன்றை நிறுவினார். பங்கு நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்ட ஏழைக் குழந்தைகளுள் எத்தனை பேர் உயிர்தப்புகின்றனர் என்பதைப் பங்கு வாரியாகக் கணக்கிட்டு வெளிப்படுத்தியவர் ஜோனஸ் ஹான்வே. அவரது முயற்சியால் 1762 இல் அக்குழந்தைகளைப் பதிவுசெய்தலும், 1767 இல் அவர்களை நகருக்கு வெளியே அனுப்பி வளர்த்தலும் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டன. நகரம் முழுமைக்குமான தொகை சாதிக்காததைப் பங்கு வாரியான தொகை சாதித்தமை இங்கு நோக்கற்பாலது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மாற்றம் தெரிகின்றது. மேற்கூறிய விகிதம் 1770 – 1789 காலத்தில் 51.5 ஆகவும், 1810 – 1829 காலத்தில் 31.8 ஆகவும் குறைந்தது. ஞானஸ்நானப் பதிவுகள் குறைபாடுடையனவாதலின் இவ்வெண்களை அப்படியே ஏற்றல் பொருந்தாது. எனினும், பிறப்புக்களைக் கவனமாகப் பதிந்துவந்த குவேக்கர் சமயத்தாரின் ஏடுகளும் இதே போக்கைக் காட்டுகின்றன. அந்நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களது குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் முதலாண்டிலேயே இறந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஐந்தில் ஒன்றாயிற்று. அம்மைப்பால் வைத்தலும், 1798 இல் எட்வேட் ஜென்னர் வெளியிட்ட பசு அம்மைப்பால் முறையும் இதற்கு உதவின. 1801 இல் முதலாவது குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது இலண்டனின் குடித்தொகை ஏறத்தாழ 9,60,000. அக்காலமளவிலேதான் நகரின் பிறப்புக்கள் இறப்புக்களை எட்டிப் பிடிக்கத் தொடங்கின.

சராசரியும் அதன் மயக்கமும்

1837 யூலை முதலாந் திகதி இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றின் குடியியற் பதிவு நடைமுறைக்கு வந்தது. திருச்சபையின் கையிலிருந்த கணக்கு அரசின் கைக்கு மாறியது. இம்முறை பின்னர் குடியேற்ற நாடுகளுக்கும் பரவிற்று. இலங்கையில் 1867 இற் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டமூலம் நிறுவப்பட்டமையும் இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது. இலண்டனிற் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் 1839 இற் சேர்ந்த மருத்துவர் வில்லியம் பார், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அப்பதிவுகளை ஆராய்ந்தார்.

1841 ஆம் ஆண்டளவிலான தரவுகளைக் கொண்டு பார் கணித்த ஆயுள் எதிர்பார்ப்பு, நாட்டுப்புறமான சறேயில் 45 ஆண்டுகள், இலண்டனில் 37 ஆண்டுகள், லிவர்ப்பூலில் 26 ஆண்டுகள் எனப் பிறந்த இடத்திற்கேற்ப வேறுபட்டது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இத்துணை வேறுபாடு இருப்பின் அது இயற்கையின் நியதியாகாது. தவிர்க்கக்கூடியதே என்பது பாரின் வாதம். ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு எனக் கூறும் பருமட்டான வீதத்தை விடுத்து அவர் ஆயுள் அட்டவணையை நாடியமைக்கும் காரணமுண்டு. இளைஞர் வந்து குவியும் நகரொன்றில், வயதமைப்பின் காரணமாகவே பருமட்டான இறப்பு வீதம் தாழ்ந்து தோன்றும். நகரின் உண்மையான கேடு அதனுள் மறைந்துவிடும்.

1842 இல் எட்வின் சட்விக் வெளியிட்ட அறிக்கையோ நகரினுள் நிலவிய வகுப்பு வேறுபாட்டைக் காட்டியது. கிழக்கு இலண்டனின் பெத்னல் கிறீன் பகுதியில் இறந்தோரின் சராசரி வயது, உயர்குடியினரிடை 45, வணிகரிடை 26, தொழிலாளரிடை 16 என அவர் எழுதினார். இவ்வெண்கள் நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கின. ஆனால் இறந்தோரின் சராசரி வயது ஆயுள் எதிர்பார்ப்பாகாது என்பதைக் காப்புறுதிக் கணிப்பாளரான நீசன் 1844 இற் சுட்டிக்காட்டினார். பிறப்பு மிகுந்த பகுதியில் குழந்தைகள் மிகுதி. ஆகவே இறப்போரிலும் குழந்தைகள் மிகுதியாவர். சராசரி வயது தானாகவே தாழும். சட்விக்கின் கணக்கு வேறுபாட்டை மிகைப்படுத்தியது. ஆயினும் வேறுபாடு உண்டென்பது பொய்யன்று. நல்ல நோக்கத்திற்காகவேனும் பிழையான அளவுகோலைக் கையாளல் தகுமோ என்னும் வினாவை இவ்விவாதம் எழுப்பியது.

நீரும் கழிவும்

கொலரா 1832 இல் இலண்டனுக்கு முதன்முதல் வந்தது. 1849 இல் 14,000 பேருக்கு மேலும், 1853 – 1854 இல் 10,000 பேருக்கு மேலும் அந்நோயால் இறந்தனர். அழுகலிலிருந்து எழும் நச்சுக்காற்றே காரணம் என அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர் நம்பினர். தேம்ஸ் நதிமட்டத்திலிருந்து நிலம் உயர உயரக் கொலரா இறப்பு வீதம் குறைவதைப் பார் தம் எண்களாற் காட்டி, நச்சுக்காற்றுக் கொள்கைக்கு வலுவூட்டினார். எண்கள் சரியானவையே; விளக்கம் பிழையானது. நதியோரத் தாழ்நிலத்தார் பலர் அந்நதியின் கழிவு கலந்த நீரையே பருகினர் என்பதே அத்தொடர்பின் உண்மைக் காரணம்.

இதனை வெளிப்படுத்தியவர் மருத்துவர் ஜோன் ஸ்னோ. புறோட் வீதியின் நீரிறைக்கும் குழாயின் கைபிடி 1854 செப்தெம்பர் 8 ஆம் திகதி அவரது வேண்டுகோளின்படி அகற்றப்பட்ட கதை பலரும் அறிந்தது. அப்போது அங்கு நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. அவரது வன்மையான சான்று தென்னிலண்டனிற் கிடைத்தது. அங்கு ஒரே வீதியின் வீடுகளுக்கு இரு கம்பனிகள் நீர் வழங்கின. லம்பெத் கம்பனி 1852 இல் தனது நீரெடுக்கும் இடத்தைக் கழிவு கலவாத மேல்நதிக்கு மாற்றியிருந்தது. சௌதாக் – வொக்சோல் கம்பனி நகரின் கழிவு கலந்த பகுதியிலிருந்தே நீரெடுத்தது. காற்றும் நிலமும் வறுமையும் இரு சாராருக்கும் பொதுவாயிருக்க, நீர் மட்டுமே வேறுபட்டது. ஸ்னோ வீடு வீடாகச் சென்று விசாரித்தார். பாரின் அலுவலகம் இறப்புப் பதிவுகளை வழங்கியது. நோயின் முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்கு நேர்ந்த இறப்புக்கள், சௌதாக் – வொக்சோல் நீரைப் பருகியோரிடை 315. லம்பெத் நீரைப் பருகியோரிடை 37. மொத்தத் தொகை மறைத்ததைப் பிரித்த தொகை இரு எண்களால் வெளிப்படுத்திவிட்டது.

எனினும் ஸ்னோவின் முடிபு உடனே ஏற்கப்படவில்லை. 1858 இல் அவர் காலமானார். அவ்வாண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையே தாக்கியது. அதன்பின் பெருங்கழிவுக் கால்வாய்களை அமைக்கும் அதிகாரமும் நிதியும் விரைந்து வழங்கப்பட்டன. பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் 82 மைல் நீளமான பிரதான கால்வாய்களை அமைத்து, நகரின் கழிவைக் கிழக்கே வெகுதூரம் கொண்டுசென்றார். துர்நாற்றத்தை நீக்குதலே நோக்கமாயிருப்பினும், குடிநீரைக் கழிவிலிருந்து பிரித்தமையே அத்திட்டத்தின் மெய்ப்பயனாயிற்று. 1866 இற் கொலரா இறுதியாகப் பரவியபோது, இறந்த 5,500 பேருக்கு மேற்பட்டோருட் பெரும்பாலோர் புதிய கழிவமைப்பு நிறைவெய்தாத கிழக்கு இலண்டனைச் சேர்ந்தோர். அப்பகுதிக்கு வழங்கப்பட்ட நீரே காரணமென இம்முறை எடுத்துரைத்தவர் பார் ஆவார். எண்கள் காட்டியதற்கிணங்கத் தமது பழைய கொள்கையைக் கைவிட்டமை அவரது அறிவு நேர்மைக்குச் சான்றாகும். 1892 இல் வடிகட்டாத நதிநீரைப் பருகிய ஹம்பேக் நகரிற் கொலராவால் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தபோது இலண்டன் அந்நோய்க்கு ஆட்படவில்லை.

சிசுக்களும் பிறப்புக்களும்

1840 களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 25 ஆக இருந்த இலண்டனின் இறப்பு வீதம், 1880 களில் ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தது. ஆனால் இவ்வீழ்ச்சியிற் சிசுக்களுக்குப் பங்கு கிட்டவில்லை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 150 முதல் 160 வரையானோர் முதலாண்டிலேயே இறக்கும் நிலை அந்நூற்றாண்டின் இறுதிவரை மாறவில்லை. கோடைதோறும் பரவிய வயிற்றோட்டம் முதன்மையான காரணங்களுள் ஒன்று. குதிரைச் சாணக் குவியல்களிற் பெருகிய ஈக்கள், தூய்மையற்ற பால், ஒற்றையறை வீடுகள் ஆகியன இதனை வளர்த்தன. பொது இறப்பு வீதம் குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தோருக்கு, வயதுவாரியாகப் பிரித்த கணக்கே இவ்வுண்மையை உணர்த்தியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நிலைமை விரைந்து மாறியது. 1902 இன் மருத்துவிச்சிகள் சட்டம், 1907 இன் பிறப்பு அறிவித்தற் சட்டம், சுகாதாரப் பெண் பரிசோதகர்கள் வீடுதோறும் செல்லுதல், சென் பங்கிராசில் 1907 இல் தொடங்கிய தாய்மார் பாடசாலை, தூய பால் வழங்கும் நிலையங்கள் ஆகியன ஒருங்கே செயற்பட்டன. 1920 களிற் சிசு மரண வீதம் முன்னைய அளவிற் பாதிக்கும் கீழாயிற்று.

இதற்கு முன்னரே பிறப்பு வீதமும் குறையத் தொடங்கியிருந்தது. 1870 களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 ஆக இருந்த அது 1911 அளவில் 25 ஐ அண்மித்தது. கருத்தடை பற்றிய நூலொன்றை மறுபதிப்புச் செய்தமைக்காக 1877 இற் சாள்ஸ் பிறட்லோவும் அன்னி பெசன்ற் அம்மையாரும் இலண்டனில் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். பின்னாளிற் சென்னை அடையாற்றிலிருந்து பிரமஞான சங்கத்தை நடத்திய அதே பெசன்ற் அம்மையாரே இவர். வழக்கு நூலின் விற்பனையைப் பன்மடங்கு பெருக்கியது. எனினும் ஒரு வழக்கால் மட்டும் பிறப்பு வீதம் குறைந்ததெனல் பொருந்தாது. 1870 இன் கல்விச் சட்டத்தின் பின்னர் பிள்ளைகள் வருவாய் தருவோராயன்றிச் செலவுக்குரியோராயினர். குடும்பத்தின் எதிர்பார்ப்புக்களும் மாறின. சிசு மரணம் குறைந்த பின்னரே பெற்றோர் குறைவாகப் பெற்றனர் எனப் பொதுவாகக் கூறப்படும் விதி இலண்டனுக்கு நேரே பொருந்தவில்லை என்பதும் கவனத்திற்குரியது. இங்கு பிறப்பு வீதத்தின் வீழ்ச்சி முந்தியது. சிசு மரண வீதத்தின் பெருவீழ்ச்சி பிந்தியது.

காரணங்கள் பற்றிய விவாதம்

இறப்புக்கள் ஏன் குறைந்தன? 1976 இல் தோமஸ் மக்கியூன் வெளியிட்ட நூல் இவ்வினாவைக் கூர்மையாக்கியது. சயரோகம் முதலிய நோய்களால் நேர்ந்த இறப்புக்கள் அவற்றுக்குரிய மருந்துகள் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே குறைந்துவிட்டன. ஆகவே மருத்துவத்தை விட ஊட்டமும் வாழ்க்கைத்தர உயர்வுமே காரணம் என அவர் வாதித்தார். 1988 இல் சைமன் செற்றர் இதனை மறுத்து, வாழ்க்கைத்தரம் தானாக உயிர்களைக் காப்பதில்லை. நகரசபைகளும் சுகாதார அதிகாரிகளும் போராடிப் பெற்ற நீர், வடிகால், வீடமைப்பு முதலியனவே தீர்க்கமானவை என்றார். இலங்கையின் இறப்பு வீதம் 1946 இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்து மறு ஆண்டில் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தமைக்கு டி.டி.ரி. தெளித்தமை எவ்வளவு காரணம், ஏனைய சுகாதார, உணவு ஏற்பாடுகள் எவ்வளவு காரணம் என்று எழுந்த விவாதமும் இவ்வகையினதே. இலண்டனின் சான்றுகள் செற்றரின் கருத்துக்கே பெரிதும் அரணாகின்றன. உலகின் செல்வம் மிக்க நகராய் இருந்தபோதும், கழிவு நீரைப் பருகியவரை அந்நகர் மக்கள் கொலராவாற் சாகவே செய்தனர்.

எண்ணிக்கை முடிவுறாமை

இலண்டன் கொடிய தொற்றுநோய்களை வென்றபின்னும் எண்ணுதலின் தேவை ஒழியவில்லை. 1952 திசெம்பர் 5 முதல் 9 வரை நகரை மூடிய புகைமூடுபனி எத்தனை உயிர்களைக் கவர்ந்தது என்பது அந்நாட்களில் எவருக்கும் புலப்படவில்லை. பின்னர் வாராந்த இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டபோதே ஏறத்தாழ 4,000 இறப்புக்கள் வழமைக்கு மேலாக நேர்ந்தமை தெரியவந்தது. பிந்திய ஆய்வுகள் அத்தொகையை 12,000 வரை உயர்த்தின. 1956 இன் தூய காற்றுச் சட்டம் அதன் விளைவாகும். 2020 இன் வசந்தகாலத்திற் கோவிட் தொற்று பரவியபோது மீண்டும் வாராந்த இறப்புப் பட்டியல்களை நாடே எதிர்பார்த்திருந்தது. வயது வேறுபாட்டை நீக்கிக் கணித்தபோது, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் உள்ளூராட்சிப் பிரிவுகளுள் அவ்வாண்டு மார்ச், ஏப்பிறில் மாதங்களில் மிகவுயர்ந்த கோவிட் இறப்பு வீதங்கள் இலண்டனின் நியூஹாம், பிறென்ற், ஹக்னி ஆகியவற்றிற் காணப்பட்டன. இவற்றுள் நியூஹாமும் ஹக்னியும் கிழக்கு இலண்டனைச் சேர்ந்தவை. நெருக்கமான வீடுகளிலே, வீட்டிலிருந்து செய்யவியலாத தொழில்களிலே வாழ்வோர் மலிந்த பகுதிகள்.

இன்று இலண்டனில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 80 ஆண்டுகள்; பெண்களினது ஏறத்தாழ 84 ஆண்டுகள். கிறாண்ட் கண்ட நிலைமை முற்றாகத் தலைகீழாகியுள்ளது. நகரிற் பிறப்புக்கள் இறப்புக்களை விஞ்சுகின்றன. நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து இலண்டனுக்கு வருவோரிலும் இலண்டனிலிருந்து அப்பகுதிகளுக்குச் செல்வோரே மிகுதி. ஒருகாலத்தில் நாட்டுப்புறத்தின் பிள்ளைகளை உண்ட நகர், இன்று தன் பிள்ளைகளை நாட்டுக்கு வழங்குகின்றது. ஒன்று மட்டும் மாறவில்லை: வெளியிலிருந்து வருவோரே இன்றும் நகரின் குடித்தொகையைப் புதுப்பிக்கின்றனர். அங்கு பிறக்கும் குழந்தைகளில் அரைவாசிக்கு மேற்பட்டோரின் தாய்மார் பிற நாடுகளிற் பிறந்தோர்.

கொள்ளைநோய்க்கு அஞ்சித் தொடங்கிய கணக்கு காலப்போக்கில் ஆட்சியாளரைக் கேள்விகேட்கும் கருவியாயிற்று. பங்கு வாரியாகப் பிரித்தபோது கைவிடப்பட்ட குழந்தைகள் தெரிந்தனர். நீர் வழங்கிய கம்பனி வாரியாகப் பிரித்தபோது கொலராவின் வழி தெரிந்தது. வயதுவாரியாகப் பிரித்தபோது சிசுக்களின் நிலை தெரிந்தது. எந்த நகரிலேனும் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்ந்துள்ளதெனக் கூறப்படும்போது, அது அந்நகரின் எப்பகுதியில், எவ்வகுப்பினரிடை, எவ்வயதினரிடை உயர்ந்தது என்னும் வினா கூடவே எழுதல் வேண்டும். அவ்வினா எழாத இடத்திற் சராசரி எண் சிலரின் மரணத்தை மறைத்துவிடும் என்பதே இலண்டனின் வரலாறு தரும் படிப்பினையாகும்.